கேரவன் பூட்டி ஓட்டுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்: ஹிட்ச், பிரேக்அவே கம்பி, மின்கேபிள்

தமிழ்நாட்டில் கேரவன் என்றால் படப்பிடிப்புத் தளத்தில் நடிகருக்காக ஏசி ஓடிக்கொண்டு நிற்கும் வண்டி. பிரிட்டனில் கேரவன் என்றால் காருக்குப் பின்னால் பூட்டி இழுத்துக்கொண்டு போகிற சின்ன வீடு. நான் ஒன்று வாங்கியிருக்கிறேன் என்று ஊருக்குப் போனில் சொன்னபோது, "எந்தப் படத்துல நடிக்கிறே?" என்றார் சித்தப்பா.

எங்கள் நண்பர் வட்டத்தில் முதலில் வாங்கியவன் நான். பிறகு வாங்கியவர்கள் எல்லாரும் விடுமுறைக்கு முந்தின இரவு போன் போட்டுக் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். சட்டமும் வேகமும் பிளக்கும் பிரிட்டனுக்கு உரியவை. ஆஸ்திரேலியாவிலும் கனடாவிலும் இருப்பவர்களுக்குக் கீழே தனியாக ஒரு பதில் உண்டு.

காரையும் கேரவனையும் சேர்த்துப் பிடிப்பது எது?

மூன்று இணைப்புகள் இருக்கின்றன. முதலாவது, காரின் பின்னால் பொருத்தியிருக்கும் இழுவைச் சட்டமான டோபாரில் இருக்கும் 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரும்புப் பந்தும், அதன்மேல் உட்கார்ந்து கவ்விக்கொள்ளும் கேரவனின் ஹிட்ச் தலையும். இழுவை முழுவதும் இதன் வழியாகத்தான். இரண்டாவது பிரேக்அவே கம்பி. பிளாஸ்டிக் உறை போட்ட மெல்லிய எஃகுக் கம்பி அது. ஒரு முனை கேரவனின் ஹேண்ட்பிரேக்கில் இருக்கும், மறுமுனையைக் காரில் மாட்ட வேண்டும். மூன்றாவது, விளக்குகளுக்கும் பிரிட்ஜுக்கும் மின்சாரம் கொண்டுபோகும் கேபிள்.

மூன்றுக்கும் வேலை வேறு வேறு. பந்து எந்த நிலையிலும் விடக்கூடாது. அது விட்டுவிட்டால், கம்பி பிரேக்கை இழுத்துவிட்டு அறுந்துபோக வேண்டும். மின்கேபிளின் பிளக் தானாகப் பிடுங்கிக்கொண்டு வர வேண்டும். மூன்றையும் கயிறு என்று நினைத்து இறுகக் கட்டப் பார்ப்பதில்தான் நான் கண்ட தவறுகள் பலவும் தொடங்குகின்றன.

ஹிட்ச் பந்தில் சரியாக உட்கார்ந்துவிட்டது என்று எப்படித் தெரியும்?

முதலில் காது, பிறகு கண், கடைசியில் ஜாக்கி சக்கரம், அதாவது கேரவனின் முன்மூக்கைத் தாங்கி ஏற்றி இறக்கும் சின்னச் சக்கரம்.

கேரவனின் முன்மூக்கை ஜாக்கி சக்கரத்தைச் சுற்றி மெதுவாக இறக்கும்போது, பந்து உள்ளே போனதும் "டக்" என்று ஒரு சத்தம் வரும். இங்கே அதிகம் காணப்படும் ஆல்-கோ, விண்டர்ஹாஃப் ஹிட்ச்களில் ஓர் அடையாளமும் இருக்கும். பச்சை தெரிந்தால் கவ்வியது, சிவப்பு தெரிந்தால் கவ்வவில்லை.

பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாதீர்கள். கேரவனின் ஹேண்ட்பிரேக் போட்டபடியே இருக்கட்டும். ஜாக்கி சக்கரத்தை இப்போது எதிர்ப்பக்கம் சுற்றி ஹிட்ச்சை மேலே தூக்குங்கள். காரின் பின்பக்கமும் சேர்ந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் எழும்பினால் கவ்வியிருக்கிறது. கார் அசையாமல் ஹிட்ச் மட்டும் எழும்பினால், வீட்டு வாசலிலேயே தெரிந்தது உங்கள் அதிர்ஷ்டம்.

பச்சை தெரிந்த பிறகும் தூக்கிப் பார்க்க வேண்டுமா?

வேண்டும். பச்சைக் குறி ஹிட்ச்சைப் பற்றி மட்டும்தான் சொல்லும். டோபார் கழற்றி மாட்டும் வகையாக இருந்தால், பந்தின் கழுத்து காரில் சரியாகப் பூட்டிக்கொண்டதா என்பது அதற்குத் தெரியாது. தூக்கிப் பார்க்கும்போது இரண்டு பூட்டும் ஒரே நேரத்தில் சோதிக்கப்படுகின்றன. பந்து தேய்ந்திருந்தாலும் இங்கே சந்தேகம் வரும். புதுப் பந்து 50 மில்லிமீட்டர், 49-க்குக் கீழே தேய்ந்துவிட்டால் மாற்ற வேண்டியதுதான். அரை நிமிட வேலை.

பிரேக்அவே கம்பி இவ்வளவு மெல்லிசாக இருக்கிறதே, இதற்குப் பதில் தடித்த வயரோ சங்கிலியோ போடலாமா?

கூடாது. என்னிடம் அதிகம் வரும் கேள்வி இது, கேட்பவர்களில் பாதிப் பேர் பொறியாளர்கள். "ஒன்றரை டன் வண்டியை இந்தக் கம்பியா தாங்கும்?" என்பார்கள். தாங்காது. தாங்குவதற்காக அதை வைக்கவும் இல்லை.

ஓடும்போது ஹிட்ச் பந்திலிருந்து கழன்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கார் முன்னே போகும், கேரவன் பின்தங்கும். இடையில் இருக்கும் கம்பி இறுகி, கேரவனின் ஹேண்ட்பிரேக் கைப்பிடியை மேலே இழுக்கும். கைப்பிடி ஓர் அளவு எழும்பியதும் அதிலிருக்கும் வாயுத்தண்டோ சுருள்வில்லோ மீதியை இழுத்துப் பிரேக்கை முழுவதும் பிடிக்க வைத்துவிடும். அதன்பின் கம்பிக்கு வேலை இல்லை, அறுந்துவிட வேண்டும். கேரவன் தானாக நின்றுவிடும்.

தடித்த வயர் போட்டால் என்ன ஆகும்? பிரேக் பிடிக்கும், ஆனால் வயர் அறாது. பிரேக் பிடித்த ஒன்றரை டன் பெட்டி, மூக்கைத் தார்ச்சாலையில் தேய்த்துக்கொண்டு, காரின் பின்னால் இடமும் வலமும் வீசும். சாலையில் தனியாக நின்றிருக்க வேண்டிய வண்டி, உங்களையும் குடும்பத்தையும் சேர்த்து இழுத்துப் போடப் பார்க்கும்.

ஆகையால் கம்பி அறுந்தால், அதன் உறை கிழிந்து உள்ளே இழை பிரிந்தால், கிளிப் வாய் பிளந்திருந்தால், அதே ஹிட்ச்சுக்கு உரிய புதிய கம்பியையே வாங்குங்கள். விலை சில பவுண்டுகள்தான். பெட்டியில் எப்போதும் ஒன்று உபரியாக இருக்கட்டும். சில கம்பிகள் ஹேண்ட்பிரேக்கில் ஒரு வளையத்தின் மூலம் மாட்டியிருக்கும். அந்த வளையம் இழுபட்டு விரிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இடுக்கியால் வளைத்துச் சரிசெய்து திரும்பப் போடுகிற வேலை வேண்டாம்.

அந்தக் கம்பியைக் காரில் எங்கே மாட்டுவது?

டோபாரின் பந்துக்குப் பக்கத்திலோ அடியிலோ இதற்கென்றே ஒரு வளையமோ துளையோ இருக்கும். குனிந்து டார்ச் அடித்துப் பாருங்கள். இருந்தால் அதுதான் இடம். எப்படி மாட்டுவது என்பதில் இரண்டு வகை உண்டு.

மெல்லிய கம்பி கிளிப் என்றால், கம்பியை வளையத்துக்குள் நுழைத்து வெளியே எடுத்து, கிளிப்பைக் கம்பியின் மேலேயே திரும்ப மாட்ட வேண்டும். கிளிப்பை நேரடியாக வளையத்தில் மாட்டினால், இழுவை பக்கவாட்டில் விழுந்து கிளிப் விரிந்துவிடலாம். பிரேக் பிடிப்பதற்கு முன்பே கம்பி கழன்று வந்துவிடும். மலையேறுகிறவர்கள் வைத்திருப்பது போன்ற தடித்த கொக்கி உள்ள கம்பி என்றால், அதைச் செய்தவர் அனுமதித்திருந்தால், நேரடியாக வளையத்தில் மாட்டலாம்.

வளையமே இல்லாத பழைய டோபார், அதுவும் கழற்ற முடியாத நிலையான பந்து என்றால், பந்தின் கழுத்தைச் சுற்றி ஒரே ஒரு சுற்றுப் போட்டு மாட்டலாம். இதை இரண்டாம்பட்சமாகத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். நெதர்லாந்து, சுவிட்சர்லாந்து பக்கம் விடுமுறைக்குப் போகிறீர்கள் என்றால் அங்கே இது செல்லாது. தனி வளையம் இருந்தே ஆக வேண்டும்.

கழற்றி மாட்டும் பந்தில் மட்டும் சுற்றவே கூடாது, செய்தவரே அப்படிச் செய்யச் சொல்லியிருந்தால் ஒழிய. கழன்று வருவது ஹிட்ச்சாக இல்லாமல் பந்தின் கழுத்தாகவே இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பந்தும் ஹிட்ச்சும் கம்பியும் ஒன்றாகவே காரைவிட்டுப் போய்விடும். கம்பியை இழுக்க அங்கே கார் இருக்காது, பிரேக்கும் பிடிக்காது.

கம்பி எவ்வளவு தளர்வாக இருக்கலாம்?

ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பி வளையும்போதும் இறுகக்கூடாது. நேராகப் போகும்போது தரையைத் தொடக்கூடாது. ஹிட்ச்சின் அடியில் கம்பி போவதற்கென்று ஒரு வழிகாட்டி வளையம் இருக்கும். அதன் வழியாகவே போக வேண்டும். அப்போதுதான் எந்தக் கோணத்தில் இழுத்தாலும் கைப்பிடி நேராக எழும்பும்.

இரண்டாம் வருடம் நான் பட்டது இது. வேல்ஸில் எரிரி மலைப்பக்கம் போய்க்கொண்டிருந்தோம். நாலைந்து ரவுண்டபவுட் தாண்டியபின் ஏதோ கருகுகிற வாசனை. முன்னே போன லாரியைத் திட்டினேன். லாரி வேறு பக்கம் திரும்பிப் போன பிறகும் வாசனை போகவில்லை. ஓரங்கட்டி இறங்கிப் பார்த்தால் கேரவன் சக்கரத்தின் நடுப்பகுதியில் கை வைக்க முடியவில்லை. காரணம், கம்பி ஜாக்கி சக்கரத்தின் கைப்பிடியைச் சுற்றிப் போயிருந்தது. ஒவ்வொரு வளைவிலும் அது கொஞ்சம் இறுகி ஹேண்ட்பிரேக்கை ஒரு பல் ஏற்றியிருக்கிறது. ஏறிய பல் தானாக இறங்காது. கால்வாசி பிரேக் பிடித்தபடியே அத்தனை தூரம் இழுத்து வந்திருக்கிறேன். கம்பியை மாட்டியவன் நானேதான், வேறு யாரையும் குறைசொல்ல வழியில்லை. அன்றிலிருந்து ஜாக்கி சக்கரத்தை முழுக்க ஏற்றி இறுக்கிய பிறகு ஒருமுறை குனிந்து, கம்பி எதையும் சுற்றாமல் போகிறதா என்று கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் காரில் ஏறுகிறேன்.

மின்கேபிள் தரையில் உரசுகிறது. எப்படித் தூக்கிக் கட்டுவது?

உரசினால் உறை தேய்ந்து, உள்ளே இருக்கும் வயர்கள் வெளியே வந்து, ஒன்றோடொன்று பட்டுக் காரின் பியூஸ் போகும். ஒரு நண்பரின் கேபிள் ஒரே நாள் பயணத்தில், மழையில், பென்சில் சீவியதுபோல் ஒருபக்கம் தேய்ந்திருந்தது. பிரேக் லைட் இல்லாமல் எவ்வளவு தூரம் வந்தார் என்று அவருக்கே தெரியாது.

எளிய வழி: கேபிளைக் கேரவனின் முன்சட்டத்தில் உள்ள கைப்பிடியின் மேலே ஒருமுறை போட்டுக் கொண்டுவாருங்கள். அப்போதும் தொங்கினால் ஒட்டுப்பட்டையால், நம் ஊரில் வெல்க்ரோ என்போமே, அதால் கேரவன் பக்கத்தில் மட்டும் ஓர் இடத்தில் பிடித்து வையுங்கள். காரின் பக்கம் கட்டாதீர்கள். பிளாஸ்டிக் டையால் இறுக்கி முடிந்துவிடாதீர்கள். முக்கியமாக, "அழகாக இருக்கட்டும்" என்று மின்கேபிளையும் பிரேக்அவே கம்பியையும் சேர்த்துப் பின்னாதீர்கள். கம்பி இழுபட வேண்டிய நேரத்தில் கேபிள் அதைப் பிடித்துக்கொள்ளும்.

அளவு சரிதானா என்று பார்க்க, ஆளில்லாத கார்நிறுத்தத்தில் ஒருவர் ஹிட்ச் பக்கமாக, சக்கரத்துக்கு எட்டாத தூரத்தில், நடந்து வர, நீங்கள் நடை வேகத்தில் இடப்பக்கம் முழுக்க ஒருமுறை, வலப்பக்கம் முழுக்க ஒருமுறை திருப்புங்கள். எந்தத் திருப்பத்திலும் பிளக் இழுபடக்கூடாது. என் வீட்டில் நடந்து வருவது மகள். "அப்பா, இழுக்குது" என்று அவள் கத்தினால் அன்று மறுபடியும் கட்டுகிறேன்.

என் கேரவனில் ஒரே பெரிய பிளக், பழைய காரில் இரண்டு சாக்கெட். என்ன செய்வது?

பழையவற்றில் ஏழு முனை கொண்ட இரண்டு பிளக் வரும். கறுப்பு நிறத்தது 12N, சாலை விளக்குகளுக்கு. சாம்பல் அல்லது வெள்ளை நிறத்தது 12S, பிரிட்ஜ், உள்விளக்கு, பேட்டரிக்கு. ஏறத்தாழ 2008-க்குப் பிறகு பிரிட்டனில் வந்த கேரவன்களில் இரண்டையும் சேர்த்த 13 முனைப் பிளக் ஒன்றுதான். இடையில் மாட்டும் அடாப்டர் கடையில் கிடைக்கும். அதுவும் ஒரு நீளம் சேர்ப்பதால் தரையில் உரசுகிறதா என்று மறுபடி பார்க்க வேண்டும்.

13 முனைப் பிளக்கைச் செருகினால் மட்டும் போதாது. செருகி, வலப்பக்கமாகக் கால் சுற்றுத் திருப்ப வேண்டும். பாதி திருப்பி விட்டால் முதல் நாள் எல்லா விளக்கும் எரியும், இரண்டாம் நாள் ஒரு மேடு பள்ளத்தில் கழன்று தரையில் தொங்கும்.

இண்டிகேட்டர் போட்டால் பிரேக் லைட்டும் சேர்ந்து மினுக்குகிறது. ஏன்?

பெரும்பாலும் எர்த் வயர்தான். மின்சாரம் திரும்பிப் போக வழியில்லாமல் வேறு பல்பு வழியாகப் போகிறது. சாலை விளக்குகளுக்கு எர்த் மூன்றாம் முனையில், வெள்ளை வயர். பிளக்கைத் திறந்து அந்தத் திருகு தளர்ந்திருக்கிறதா, பச்சைக் களிம்பு பிடித்திருக்கிறதா என்று பாருங்கள்.

மற்ற வயர்களும் ஒரு வரியில்: 1 மஞ்சள், இடது இண்டிகேட்டர்; 2 நீலம், பின்பக்க மூடுபனி விளக்கு; 4 பச்சை, வலது இண்டிகேட்டர்; 5 பழுப்பு, வலப்பக்கப் பின்விளக்கு; 6 சிவப்பு, பிரேக் லைட்; 7 கறுப்பு, இடப்பக்கப் பின்விளக்கு. 13 முனைப் பிளக்கிலும் முதல் ஏழு இதே வரிசைதான். ஆனால் செகண்ட் ஹேண்ட் கேரவனில் முன்னவர் யாரோ கையில் கிடைத்த வயரைப் போட்டு வைத்திருப்பார். நிறத்தை நம்பாமல் மீட்டரை நம்புங்கள்.

ஒரு விளக்கு மட்டும் எரியாவிட்டால் பல்பு. ஒரு பக்கம் முழுக்க எரியாவிட்டால் வயர் அல்லது பியூஸ். எல்லாமே குழம்பினால் எர்த். இந்த மூன்றைத் தாண்டினால் நான் மெக்கானிக்கிடம்தான் போவேன், புதுக் காரில் வயரிங்கை நோண்டினால் டேஷ்போர்டு முழுக்க எச்சரிக்கை விளக்கு வந்துவிடும்.

பந்துக்குக் கிரீஸ் தடவலாமா?

ஹிட்ச்சைப் பொறுத்தது. சாதாரண ஹிட்ச் என்றால் லேசாகத் தடவ வேண்டும். ஸ்டெபிலைசர் உள்ள ஹிட்ச் என்றால் ஒரு துளிகூடக் கூடாது. அதன் உள்ளே உராய்வுப் பட்டைகள் பந்தை இறுகப் பிடித்துத்தான் கேரவனின் ஆட்டத்தைக் குறைக்கின்றன. கிரீஸ் பட்டால் பிரேக் ஷூவில் எண்ணெய் ஊற்றிய கதை. புதுப் பந்தில் இருக்கும் பெயின்டையும் தேய்த்து எடுத்துவிட வேண்டும். வளைவில் ஹிட்ச் "கிரீச்" என்று கத்தினால் பந்தைப் பிரேக் கிளீனர் போட்டுத் துடையுங்கள். நம் ஆட்கள் சத்தம் வந்தால் உடனே எண்ணெய் எடுத்துக்கொண்டு வருவார்கள், மாட்டுவண்டி அச்சுக்கு மை போட்ட பழக்கம்.

இன்னொன்று, ஸ்டெபிலைசர் ஹிட்ச்சின் தலை பெரிது. தட்டையான முகத்தில் பந்தைப் போல்ட் போட்டு மாட்டிய டோபார் என்றால், கழுத்து நீண்ட பந்து வேண்டும். இல்லாவிட்டால் திரும்பும்போது ஹிட்ச் டோபாரில் போய் இடிக்கும்.

முன்பக்கம் எவ்வளவு கனம் இருக்க வேண்டும்?

மாட்டுவண்டிக்காரர்களுக்கு இதற்கு வார்த்தையே இருந்தது: முன்பாரம், பின்பாரம். மூட்டையை முன்னால் அதிகம் ஏற்றினால் நுகம் மாட்டின் கழுத்தை அழுத்தும்; பின்னால் ஏற்றினால் நுகம் மேலே தூக்கும், கழுத்துக் கயிறு இறுகும். கேரவனிலும் அதேதான், மாட்டுக்குப் பதில் பந்து.

இங்கே பொதுவாகச் சொல்வது, சாமான் ஏற்றிய கேரவனின் மொத்த எடையில் 5 முதல் 7 சதவீதம் பந்தின்மேல் அழுத்த வேண்டும் என்பது. 1,300 கிலோ என்றால் 65 முதல் 91 கிலோ. ஆனால் கார், டோபார், ஹிட்ச் மூன்றுக்கும் தனித்தனி வரம்பு எழுதியிருக்கும். அவற்றில் எது குறைவோ அதைத் தாண்டக்கூடாது. காரின் வரம்பு 75 என்றால் 75தான் உங்கள் எல்லை. குளியலறை எடைத் தராசின்மேல் ஒரு மரக்கட்டையை நிறுத்தி, அதன்மேல் ஹிட்ச்சை இறக்கியே அளந்துவிடலாம்.

கனமான சாமானை அச்சுக்கு மேலே, தரையோடு வையுங்கள். எங்கள் வீட்டு வெட் கிரைண்டரைப் பின்பக்க அலமாரியில் வைத்த பயணத்தில், 50 மைல் வேகத்திலேயே கேரவன் வாலாட்டியது. இப்போது அது வருவதில்லை. மாவு அரைத்துக் குளிர்பெட்டியில் வருகிறது.

கேரவன் பாம்புபோல ஆடத் தொடங்கினால்?

ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுங்கள். ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டே இருங்கள். ஆட்டத்துக்கு எதிராகத் திருப்பப் போனால் ஆட்டம் கூடும். பிரேக்கை அழுத்தி மிதிக்காதீர்கள், வேகத்தைக் கூட்டிச் சமாளிக்கவும் பார்க்காதீர்கள். வேகம் குறைந்தால் ஆட்டமும் அடங்கும். அடங்கியதும் பாதுகாப்பான இடத்தில் நிறுத்திப் பாரத்தை மாற்றி வையுங்கள், டயர் காற்றைப் பாருங்கள். புதிதாக ஓட்டுபவர்கள் சாமான் ஏற்றிய கேரவனின் எடை காரின் வெற்று எடையில் 85 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது நல்லது. அது சட்டம் அல்ல, அனுபவக் கணக்கு.

பூட்டும்போது எந்த வரிசையில் செய்வது?

கேரவன் ஹேண்ட்பிரேக் போட்டிருக்க வேண்டும், சக்கரத்துக்குக் கட்டை வைத்திருக்க வேண்டும். நான்கு மூலைக் கால்களையும் ஏற்றிவிட்டு, காரைப் பின்னெடுத்து, ஹிட்ச்சை இறக்கி, தூக்கிப் பார்த்து, கம்பி, பிறகு கேபிள், பிறகு ஜாக்கி சக்கரத்தை முழுக்க ஏற்றி இறுக்கு. ஸ்டெபிலைசர் கைப்பிடியை அழுத்து. விளக்குகள். கடைசியாகக் கட்டையை எடுத்து ஹேண்ட்பிரேக்கை விடு.

வரிசையில் சிறு மாற்றங்கள் செய்வோர் உண்டு, அதனால் கெட்டுப்போவதில்லை. கெட்டுப்போவது நடுவில் பேச்சுக் கொடுப்பதால்தான். பக்கத்து இடத்துக்காரர் நல்லவர், வானிலை பற்றிப் பேச வருவார். கையில் கம்பியோடு நின்று பேசிவிட்டு, மாட்டியதாக நினைத்து அடுத்த வேலைக்குப் போவீர்கள். யாராவது இடையில் பேசினால் நான் முதலிலிருந்து தொடங்குகிறேன். ஒருவரே முழுவதையும் செய்யட்டும். இன்னொருவர் கடைசியில் வந்து தொட்டுப் பார்க்கட்டும். கணவன் மனைவி பாதிப் பாதியாகச் செய்தால் "நீ மாட்டினேன்னு நெனச்சேன்" என்பதில் முடியும்.

கிளம்பிப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் முதல் வசதியான இடத்தில் நிறுத்தி ஒரு சுற்றுச் சுற்றுங்கள். சக்கரத்தின் நடுப்பகுதிக்கு அருகே கையைக் கொண்டுபோனால் ஒருபக்கம் மட்டும் அனல் அடிக்கிறதா என்று தெரிந்துவிடும்.

ஓட்டும்போது ஹிட்ச் பூட்டை மாட்டியே வைக்கலாமா?

திருட்டுப் பூட்டு நிறுத்தியிருக்கும் நேரத்துக்கு. ஓடும்போது கழற்றி வையுங்கள். அவசரத்தில் கேரவனைக் கழற்ற வேண்டி வந்தால் சாவி தேடிக்கொண்டு நிற்கக்கூடாது.

சின்ன சாமான் டிரெய்லருக்கும் இதே கம்பிதானா?

இல்லை. பிரேக் இல்லாத டிரெய்லர் என்றால் இழுப்பதற்குப் பிரேக்கே கிடையாது. அங்கே வேண்டியது அறாத ஒரு சங்கிலி அல்லது வலுவான வயர். ஹிட்ச் கழன்றால் டிரெய்லரின் மூக்கு தரையில் குத்தாதபடி தாங்கிப் பிடிக்கும் அளவுக்குக் குட்டையாக இருக்க வேண்டும். இதைக் கேரவனோடு குழப்பிக்கொள்கிறவர்கள்தான் கேரவனுக்கும் சங்கிலி தேடுகிறார்கள். பிரேக் இல்லாத டிரெய்லரை ஏற்றிய எடையோடு 750 கிலோ வரை, அல்லது காரின் வெற்று எடையில் பாதிவரை, இவற்றில் எது குறைவோ அதுவரை இழுக்கலாம்.

ஆஸ்திரேலியாவில் இருக்கும் என் அக்கா சங்கிலி கட்டாயம் என்கிறாரே?

அவர் சொல்வது அவருடைய ஊருக்குச் சரி. அங்கே பிரேக் உள்ள கேரவனுக்கும் சங்கிலி கட்டாயம். 2,500 கிலோவைத் தாண்டினால் இரண்டு. இரண்டு சங்கிலியையும் ஹிட்ச்சுக்குக் கீழே குறுக்காகப் போட்டு மாட்டுவார்கள், மூக்கு கழன்றால் அந்தத் தொட்டிலில் விழட்டும் என்று. சங்கிலியைக் காரோடு மாட்டும் இரும்பு வளையமான ஷேக்கிளில் அதன் தாங்கும் திறன் பொறித்திருக்க வேண்டும். 2,000 கிலோவுக்கு மேற்பட்டவற்றில் இதோடு பேட்டரியால் இயங்கும் பிரேக்அவே அமைப்பும் வேண்டும். கழன்றால் அது குறைந்தது 15 நிமிடம் பிரேக்கைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். கனடாவிலும் அமெரிக்காவிலும் குறுக்குச் சங்கிலி உண்டு. அங்கே பிரேக்அவே கம்பி ஒரு சுவிட்சின் ஆணியைப் பிடுங்க, மின்பிரேக் பிடித்துக்கொள்ளும்.

அங்கே கழன்ற வண்டியைக் காரோடு வைத்துக்கொண்டே நிறுத்தப் பார்க்கிறார்கள், இங்கே விட்டுவிட்டு நிறுத்துகிறார்கள். எந்த நாட்டில் ஓட்டுகிறீர்களோ அந்த நாட்டு முறையை முழுசாகப் பின்பற்றுங்கள், பாதியை எடுத்து இங்கே ஒட்டாதீர்கள்.

லைசென்ஸ், வேகம்?

2021 டிசம்பர் 16 முதல், 1997-லும் அதற்குப் பிறகும் கார் லைசென்ஸ் எடுத்தவர்களும் தனித் தேர்வு இல்லாமல் 3,500 கிலோ வரையிலான டிரெய்லரை இழுக்கலாம். உங்கள் கார் எவ்வளவு இழுக்கும் என்பது வேறு கணக்கு. வி5சி பதிவுப் பத்திரத்திலும் கையேட்டிலும் பாருங்கள். வேகம், தடுப்பில்லாத ஒற்றைச் சாலையில் 50 மைல், இரட்டைச் சாலையிலும் மோட்டார்வேயிலும் 60 மைல், அதற்குக் குறைந்த வேகப் பலகை இல்லாத இடத்தில். மூன்றும் அதற்கு மேலும் தடங்கள் உள்ள மோட்டார்வேயில் வலக்கடைசித் தடம் உங்களுக்கு இல்லை. காரைவிடக் கேரவன் அகலம் என்றால் நீட்டிப்புக் கண்ணாடி வேண்டும். கேரவனின் பின்னால் காரின் அதே நம்பர் பிளேட்.

குழந்தை தூங்குகிறது, கேரவன் கட்டிலிலேயே படுக்க வைத்து ஓட்டலாமா?

கூடாது. யாரும் உள்ளே இருக்கக்கூடாது, பாட்டியும்கூட.

கழற்றும்போது கவனிக்க வேண்டியது?

எதைத் தொடுவதற்கு முன்பும் கேரவனின் ஹேண்ட்பிரேக்கைச் செங்குத்தாக நிற்கும்வரை இழுங்கள், சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். அதன்பின் ஜாக்கி சக்கரத்தை இறக்கி, பிளக்கைக் கழற்றி, அதை முன்சட்டத்தில் இருக்கும் தாங்கியில் மாட்டிவிடுங்கள். தரையில் போட்டால் மழைநீர் முனைகளில் ஏறும். கம்பியை எடுங்கள். ஸ்டெபிலைசர் கைப்பிடியைத் தூக்கி, ஹிட்ச் கைப்பிடியைப் பிடித்தபடி ஜாக்கி சக்கரத்தால் மேலே ஏற்றுங்கள். காரை முன்னே எடுப்பதற்கு முன் இரண்டுக்கும் நடுவில் குனிந்து ஒருமுறை பாருங்கள். கம்பியைக் கழற்ற மறந்து காரை எடுத்தவர்களை நான் அறிவேன். "டப்" என்று சத்தம், ஹேண்ட்பிரேக் உச்சியில், கம்பி இரண்டு துண்டு. அதுதான் அந்த உபரிக் கம்பிக்கு வேலை வரும் நாள்.